பாகேபள்ளி நிலம் பற்றி சரவணனுக்கு

ஆடுகோடி, பெங்களூரு

சரவணா, உன் பெரியப்பா எழுதுவது.

பாகேபள்ளி நிலத்துக்கு நீ அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக உன் அம்மா போனில் சொன்னதிலிருந்து பெரியப்பாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. வாங்குவதும் விடுவதும் உன் விருப்பம். உன் சம்பளம், உன் லோன். அதில் தலையிடுவதற்காக இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. ஆனால் போன மே மாதம் கல்பவல்லியில் காரை விட்டு இறங்கியதும், "எவ்வளவு இடம் சும்மா கிடக்குது பெரியப்பா" என்றாயே, அது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சும்மா கிடக்கிற இடமா அது?

கல்பவல்லி இருக்கும் அனந்தபூர் சீமையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 550 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையோ கடலோரத்திலேயே பெருமளவு கொட்டித் தீர்த்துவிடும். வேர்க்கடலையையே நம்பிக் கடனாளியான குடும்பங்கள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஊரில், சென்னேகொத்தபள்ளிப் பக்கம் 32 ஏக்கர் பொட்டல் நிலத்தை வாங்கி, 1990-ல் பப்லு கங்குலி, மேரி வட்டமட்டம் முதலானோர் தொடங்கியதுதான் திம்பக்டு கலெக்டிவ். ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் வழி அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதனால் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதே அதிகம். தீ பரவ விடவில்லை. ஆடு மாடு கண்டபடி மேய விடவில்லை. ஓடுகிற மழைநீரைச் சின்னச் சின்ன வரப்பு போட்டு நிறுத்தினார்கள். மண்ணுக்கடியில் உயிரோடிருந்த வேர்கள் தாமாகவே துளிர்த்தன.

பிறகு முஷ்டிகோவிலா முதலிய ஊர்களின் மக்களும் சேர்ந்து, 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட குன்றையும் புல்வெளியையும் காக்கத் தொடங்கினார்கள். அதுதான் நாம் பார்த்த கல்பவல்லி. ஓடையோரம் ஈச்ச மரம் வரிசையாக நின்றதே, அதன் ஓலையில் அந்த ஊர்க்காரர்கள் கூடை முடைகிறார்கள், பாய் பின்னுகிறார்கள். புல்லை அறுத்துக் கூரை வேய்கிறார்கள். சும்மா கிடக்கிற இடத்துக்கு இவ்வளவு வேலை!

நீ டிரோனுக்குச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஒரு குட்டையோரம் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிய பிறகு கல்கௌதாரிகள் கூட்டமாக இறங்கின. மண் நிறப் பறவை. அசையாமல் இருந்தால் கூழாங்கல்லா பறவையா என்று தெரியாது. பறந்து வந்து இறங்கி, அவசரமாகக் குடித்துவிட்டு ஒரே வீச்சில் மறுபடி எழும்பிவிட்டன. அந்த இனத்தில் ஆண் பறவை வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுக்கும். பக்கத்துக் கல்மேல் ஒரு விசிறித்தொண்டை ஓணான், விரல் நீளம்தான் இருக்கும், தொண்டைச் சவ்வை நீலமும் கறுப்பும் சிவப்புமாக விரித்து விரித்துக் காட்டியது. எல்லாம் பெட்டையைக் கூப்பிடத்தான். ஓநாய் கண்ணில் படவில்லை. பாதையில் மயிர் கலந்து வெளுத்துக் கிடந்த அதன் எச்சத்தைக் காவலர் குச்சியால் புரட்டிக் காட்டியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

இத்தகைய நிலத்தை அரசாங்கப் பதிவேடு தரிசு என்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கல்பவல்லிக் குன்றுகளின் மேலேயே காற்றாலைகள் வந்து, சாலைக்காகச் சரிவுகளை வெட்டினார்கள். கானமயிலுக்காக 1988-ல் கர்னூல் பக்கம் ரோள்ளபாடு சரணாலயம் அறிவித்தார்கள். இன்று அங்கே அந்தப் பறவையைப் பார்க்க முடிவதில்லை. சரணாலயத்து எல்லை தாண்டிப் பறந்தால் அது இறங்கப் புல்வெளி வேண்டுமே?

இனி உன் நிலம். கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடையாக இருந்த 79ஏ, 79பி பிரிவுகளை 2020-ல் எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைத் திறந்தால் பண்ணை நில விளம்பரம்தான். கால் ஏக்கர், அரை ஏக்கர், சுற்றிலும் கம்பிவேலி, மகாகனிக் கன்று, சந்தனக் கன்று, நடுவில் நீச்சல்குளம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்திலும் இதேதான். வெளிமான் கம்பியைத் தாண்டுவதைவிட அடியில் நுழையவே பார்க்கும். கீழ்க் கம்பி தரையோடு ஓடினால் அதற்கு வழி கிடையாது. இதையாவது ஒப்பந்தக்காரரிடம் கேட்டாயா?

போர்வெல் பற்றிக் கேட்டாயா என்று பெரியப்பா கேட்கப் போவதில்லை. கேட்டால் வீட்டில் சண்டை வரும். ஊத்தங்கரை நிலத்தில் உன் அப்பா முதல் போர் போட்டபோது நீரோட்டம் பார்த்தவர் கையில் தேங்காய் எழுந்து நின்றதாம். எழுந்து நின்ற தேங்காயை நம்பி ரிக் வண்டி வந்தது. விடிய விடிய ஓட்டினார்கள். தண்ணீர் வரவில்லை, வெள்ளைப் புழுதிதான் வந்தது. இரண்டாவது போருக்குப் பசு இரண்டும் போயின. மூன்றாவதுக்கு உன் அம்மாவின் நாலு பவுன் சங்கிலி. மைக்கோ கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு சேலம் பஸ் பிடித்துப் போய் "வேண்டாம்டா" என்று சொன்ன பெரியப்பாவுக்குக் கிடைத்த பெயர், தம்பி முன்னேறுவது பொறுக்காதவர். சரி, பழைய கதை. உன் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டாதே.

ஆனால் கணக்கு ஒன்றுதான். பாகேபள்ளி இருக்கும் சிக்கபள்ளாபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீரை மழை நிரப்புவதைவிட அதிகமாக உறிஞ்சிவிட்டார்கள். ஆயிரம் அடி தாண்டியும் துளைக்கிறார்கள்; கிடைக்கிற தண்ணீரிலும் பல ஊர்களில் ஃபுளோரைடு. அந்தப் பக்கத்து ஏரிகளை நிரப்ப ஹெப்பால், நாகவாரா வழியாக ஓடும் பெங்களூருச் சாக்கடையைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். நம் கோரமங்கலா பள்ளத்தாக்குத் தண்ணீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. ஆடுகோடியில் பெரியம்மா பாத்திரம் கழுவும் தண்ணீர்கூட அந்தப் பக்கம் போய்ச் சேரலாம். அப்படிப்பட்ட சீமையில் நீச்சல்குளம்!

மிருகம் பார்க்கத்தான் ஆசை என்றால் மதுகிரி தாலுகாவில் மைதனஹள்ளி இருக்கிறது. ஜெயமங்கலி வெளிமான் காப்பகம், 798 ஏக்கர், 2007-ல் அறிவித்தது. காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம், பத்திரப் பதிவுச் செலவு இல்லாமல். நிலமே வேண்டுமென்றால் வாங்கு. வேலி போடாதே, போர் போடாதே, நாலு மழை பார்க்கும்வரை ஒரு கன்றும் நடாதே. அப்படி விட்டுவைக்க அந்த லேஅவுட்காரர்கள் சம்மதித்தால் பெரியப்பாவுக்கு ஆட்சேபணையே கிடையாது.

ரொம்பப் பேசியாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. கல்பவல்லியில் வெயில் தாங்காமல் பெரியப்பா உட்கார்ந்துவிட்டபோது உன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு நீ வெறுந்தலையோடு நடந்தாய். பெரியம்மாவிடம் அதைச் சொல்லாத நாள் இல்லை. இந்த வாரம் வீட்டுக்கு வா. பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வா, மூலப் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிடலாம். அட்வான்ஸுக்குப் பணம் குறைந்தால் கூச்சப்படாதே. தை மாதம் ஒரு எஃப்.டி. முதிர்கிறது, முன்னாலேயே உடைத்துக்கொள்ளலாம், வட்டி கொஞ்சம்தான் போகும். உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா