மடியில் கிடக்கும் கிட்டாருக்கு எட்டு அறிவுரைகள்

இறக்குவானையிலும் தெரணியகலையிலும் கோயில் திருவிழா மேடைக்கு இசைக்குழு கட்டும் தம்பி தங்கச்சிமாரே, ஸ்டீல் கிட்டாரில் எலெக்ட்ரிக் கிட்டாரின் குரலை எப்படி எடுப்பது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. கூச்சப்படாதீர்கள். ஜோர்ஜ் போஷாம்ப் உருவாக்கி 1932இல் விற்பனைக்கு வந்த, முதலில் கடையேறி நிலைத்த எலெக்ட்ரிக் கிட்டாரே மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான். அதன் உருவத்தைப் பார்த்து 'பொரிசட்டி' என்றே பெயர் வைத்தார்கள்.

2. இழைவைக் குறையுங்கள். ஒரு சுரம் முடிந்ததும் வலது உள்ளங்கையால் கம்பியை அமுக்கி, இடது கையிலுள்ள இரும்புப் பாரைத் தூக்கி, அடுத்த சுரத்தின் கோட்டுக்கு நேர் மேலே வைத்து மீட்டுங்கள். எல்லாச் சுரத்துக்கும் வழுக்கிப் போனால் பழைய ஹவாயன் பாட்டுத்தான் கேட்கும்.

3. பாருக்குப் பின்னால் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பிமேல் படுத்தே இருக்கட்டும். அவை எழுந்தால் வேண்டாத இரைச்சல் எழும். டிஸ்டோர்ஷன் பெடல் அதைப் பத்து மடங்காக்கிக் காட்டும்.

4. விரல் பிக்குகளைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பிக்கை எடுங்கள். பிரிட்ஜுக்குக் கிட்ட மீட்டினால் கூர்மை. தள்ளி மீட்டினால் மென்மை.

5. ஓபன் டி சுருதியில், தடித்த கம்பியிலிருந்து ச-ப-ச-க-ப-ச என்று வரும். டிஸ்டோர்ஷன் போட்டால் காந்தாரத்தை விட்டுவிடுங்கள், சேர்த்தால் கலங்கும். தடித்த மூன்று கம்பிகளின் ச-ப-ச போதும். ரொக் கிட்டாரின் பலம் அதில்தான் இருக்கிறது.

6. மடியில் வாசிக்கச் சாதாரண கிட்டாரின் நட்டை உயர்த்தி, பிக்கப் ஒட்டியவர்கள் ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராதீர்கள், கூடு கூவும். துவாரத்தில் துணி அடைத்தால் ஓரளவு அடங்கும். கூடில்லாத பலகைக் கிட்டாருக்கு இந்தத் தொல்லை குறைவு.

7. இரத்தினபுரி மழையில் கம்பி சீக்கிரம் துருவேறும். துரு, பாரின் அடியில் கரகரக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈர மைதானத்து மேடையில் எர்த் சரியா என்று கேட்டபிறகே செருகுங்கள். கம்பியில் சுர்ரென்றால் கையை எடுத்து, மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். இடி இடித்தால் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

8. நிறையக் கேளுங்கள். பிங்க் ஃபுளோய்டின் 1971ஆம் ஆண்டு 'வன் ஒஃப் தீஸ் டேஸ்' பாட்டில் டேவிட் கில்மோரும், 1977இல் ஜாக்சன் பிரவுனின் 'ரன்னிங் ஒன் எம்ப்டி'யில் டேவிட் லிண்ட்லியும் ஸ்டீல் கிட்டாரை எப்படிச் சீற வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு, கம்பிமேல் கட்டையை இழைத்து வாசிக்கும் ரவிகிரணின் சித்திர வீணையைக் கேளுங்கள். எங்கே இழைக்கலாம் என்பது அப்போது விளங்கும்.

பெடல் வாங்கக் காசு சேர்க்கும் வரை பெடல் இல்லாமலே பழகுங்கள். சத்தம் கூட்டப் பெடல் இருக்கிறது. சத்தத்தை நிறுத்த உங்கள் கை மட்டுந்தான்.