நுரைத்தது அழுக்கல்ல

போன தைப்பூசத்துக்கு முன் எங்கள் வட்டார ஆலயத்தில் கோத்தோங் ரோயோங். மண்டபத் தரை சலவைக்கல். பிள்ளைகளுக்குத் தலைமை தாங்கியது நான். விளக்கடியில் இருந்த எண்ணெய்க் கறை போகவில்லை என்றதும், கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றச் சொன்னதும் நான்தான். ஊற்றியதும் நுரை பொங்கியது. "அண்ணே, அழுக்கு எப்படிப் போவுது பாருங்க!" என்று ஒரு தம்பி துள்ளினான். காய்ந்த பிறகு பார்த்தால், கறை அப்படியே இருக்கிறது. சுற்றிலும் தரைதான் வெளுத்து, சொரசொரத்து, பளபளப்பே இல்லாமல் கிடந்தது.

நுரைத்தது தரை. ஏன் என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

சலவைக்கல் பத்துமலைக்கு நெருங்கிய சொந்தம். பத்துமலைக் குன்று சுண்ணாம்புக்கல். பழங்காலக் கடலடியில் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணாம்பும் படிந்து இறுகியது. அதே கல் பூமிக்கடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கினால், உருகாமலே படிகங்களாக மாறிக் கோத்துக்கொள்ளும். அதுதான் சலவைக்கல். லங்காவியில் டாயாங் பூந்திங் தீவுக்குப் போனவர்கள் அதன்மேல்தான் நடந்திருக்கிறீர்கள். ஈப்போ பக்கத்துக் குன்றுகளிலும் உண்டு.

இரண்டுமே கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கரியமில வாயுவை விடும். நாம் பார்த்த நுரை அதுதான். மழைநீரும் கரியமில வாயுவைச் சுமந்து மெல்லிய அமிலமாகத்தான் மண்ணில் இறங்குகிறது. முருகன் குடியிருக்கும் குகையைக் காலங்காலமாகக் குடைந்தது அந்த நீர். அது பொறுமையாகச் செய்ததை நாங்கள் ஒரு நிமிடத்தில் செய்துவிட்டோம்!

மோஸ் கடினத்தன்மை அளவில் சலவைக்கல் ஏறத்தாழ 3. எஃகு ஆணியே கீறிவிடும். அந்த மென்மைதான் சிற்பிக்கு வசதி. இத்தாலியின் கராராவில் வெட்டிய கல்லில் மைக்கேலாஞ்சலோ 1504இல் தாவீது சிலையை முடித்தார். தாஜ்மகாலின் வெண்மை ராஜஸ்தானின் மக்ரானாக் கல்.

நம் மூலவர் கருங்கல். பாலும் தயிரும் எலுமிச்சைச் சாறும் நாள்தோறும் விழுந்தாலும் அது நுரைக்காது, ஏனென்றால் அதில் கார்பனேட் இல்லை. வட இந்தியர் கோயில்களில் வெண்பளிங்கு ராதா கிருஷ்ணருக்கு ஆடை அலங்காரத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பூசையறையில் பளிங்குச் சிலை வைத்திருப்பவர்கள் எலுமிச்சை, புளி, தயிர் எதையும் அதன்மேல் ஊற்ற வேண்டாம். புளி போட்டுத் தேய்ப்பது பித்தளைக்குச் சரி, பளிங்குக்கு ஆகாது.

தரைக்கும் அதேதான். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். அர்ச்சனைத் தட்டிலிருந்து எலுமிச்சை விழுந்து நசுங்கினால், "அப்புறம் துடைச்சிக்கலாம்" என்று விடாமல் அப்போதே துடையுங்கள். எண்ணெய் சிந்தினால் மாவைத் தூவி ஊற விட்டு, பிறகு எடுங்கள்.

எங்கள் மண்டபத் தரையை ஆள் வைத்து இழைத்து மெருகேற்றினோம். செலவைப் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. அந்தத் தம்பி மட்டும் ஒரு சிறு தொகையை உறையில் போட்டுக் கொண்டுவந்து, "நானும்தானே ஊத்துனேன்" என்றான்.