செம்மறியாடுகளின் அமில நோயும் தீவனச் சேர்க்கைப் பொருள்களும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தின் வாயிலாக இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. ஆயினும், அவ்வட்டாரத்து எளிய குடும்பங்களுக்கு மழையை நம்பிய புன்செய்யும், மலையடிவார மேய்ச்சலை நம்பிய ஆடுமாடுகளுமே வாழ்வுக்குத் துணை. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் பலவற்றிற்கும் இது பொருந்தும். ஆதலின் ஆடு வளர்ப்போரைப் பெரிதும் வருத்தும் ஒரு நோயைப்பற்றி இங்கு ஆராய்வோம்.

மக்காச்சோள அறுவடை முடிந்த ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். களத்தில் கதிர் குவிந்து கிடக்கிறது. பட்டியின் படலைச் சரியாகக் கட்டாமல் வீட்டார் உறங்கிவிடுகின்றனர். ஆடுகள் வெளிவந்து வயிறு புடைக்கத் தின்றுவிடுகின்றன. மறுநாள் அவற்றுள் சில அசைபோடுவதில்லை; பல்லை நறநறவென்று கடிக்கின்றன; புளித்த வாடையுடன் நீர்போலக் கழிகின்றன; தள்ளாடி நடந்து இறுதியில் படுத்துவிடுகின்றன. பாம்பு தீண்டியது என்பார் சிலர். கண்ணேறு என்பார் வேறு சிலர். உண்மையில் அவ்வாடுகளை வீழ்த்தியது அவை தின்ற தானியமேயாகும். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தவை நான்கு ஆடுகள். அத்தகைய இல்லத்தில் ஓர் இரவில் இரண்டு ஆடுகள் மடியுமாயின், பாதிச் செல்வம் போயிற்று என்றே பொருள்.

தானியம் நஞ்சாவது எங்ஙனம்? செம்மறியாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் பெரியதாகிய முதல் அறை ஒரு புளிக்கும் தொட்டி போன்றது. அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களே புல்லையும் தட்டையையும் செரிக்கச் செய்கின்றன. ஆடு நார்த்தீவனத்தை மென்று அசைபோடும்போது உமிழ்நீர் பெருகுகிறது. நாளொன்றுக்கு 6 முதல் 16 லிட்டர் வரை அது சுரக்கும் என்பர். அந்த உமிழ்நீரில் இயற்கையாகவே சோடா உப்பு கலந்திருப்பதால், வயிற்றில் தோன்றும் அமிலம் அவ்வப்போது தணிந்துவிடுகிறது. அமிலநிலையைக் குறிக்கும் அளவு எண் 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்குமாயின் ஆடு நலமாக இருக்கும்.

பழக்கமில்லாத ஆடு திடீரென மிகுதியாகத் தானியம் தின்றால் இவ்வொழுங்கு குலைந்துபோகிறது. மாவுச்சத்தை உண்ணும் சிலவகை நுண்ணுயிர்கள் கட்டின்றிப் பெருகி, தயிரைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. மேற்கூறிய எண் 5-க்கும் கீழே இறங்குகிறது. நார்த்தீவனத்தைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன; வயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது; உடலின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுக் கண்கள் குழிவிழுகின்றன. 1952-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹங்கேட் என்னும் அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் செம்மறியாடுகளையே ஆராய்ந்து இம்மாற்றங்களை வெளியிட்டனர்.

களத்துத் தானியம் மட்டுமே இதற்குக் காரணமன்று. பொங்கலன்று அன்பின் மிகுதியால் ஊட்டும் சருக்கரைப் பொங்கல், திருமண வீட்டில் மீந்த சோறு, நியாயவிலைக் கடையில் வாங்கிய அரிசி ஆகிய யாவும் இதே கேட்டை விளைவிக்கக்கூடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் சேர்வதை அறியாதார் யார்?

இனி, பக்ரீத் விற்பனையையோ ஆண்டிபட்டிச் சந்தையையோ எண்ணிக் கிடாய்க்குட்டிகளைப் பட்டியில் அடைத்துத் தீனி கொடுப்போர்க்குச் சில சொற்கள். இவர்களுடைய ஆடுகள் ஒரே நாளில் வீழ்வது குறைவு. தீனியை ஒருநாள் தின்று மறுநாள் வெறுப்பதும், சாணம் இளகுவதும், எடை கூடாமையும், குளம்பு நொந்து நொண்டுவதும் இங்குள்ள அறிகுறிகள். இம்மறைமுக நட்டத்தைத் தடுப்பதில்தான் தீவனச் சேர்க்கைப் பொருள்கள் பெரிதும் உதவுகின்றன.

இவற்றுள் எளியது சோடியம் பைகார்பனேட் எனப்படும் சமையல் சோடா. உமிழ்நீர் செய்யும் பணியையே இதுவும் செய்கிறது. 100 கிலோ அடர்தீவனத்திற்கு 1 கிலோ என்பது வழக்கமான அளவு. முதலில் இதனைச் சில கிலோ தவிட்டுடன் நன்கு பிசறி, பின்னரே முழுத் தீவனத்தோடும் கலத்தல் வேண்டும். இன்றேல் ஓர் ஆட்டுக்கு உப்பும் மற்றோர் ஆட்டுக்கு வெறுந்தீனியும் கிடைக்கும். சலவை சோடா இதுவன்று என்பதை வீட்டிலுள்ள அனைவர்க்கும் சொல்லிவைப்பீராக. அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். மக்னீசியம் ஆக்சைடை 100 கிலோவிற்கு அரைக் கிலோ அளவில் சோடாவுடன் சேர்ப்பதும் உண்டு. உயிருள்ள ஈஸ்ட் கலவையும் இப்பொழுது கிடைக்கிறது. அது லாக்டிக் அமிலத்தைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஊக்கம் தருகிறது. அதன் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால் உறையில் அச்சிட்டுள்ளவாறே கொடுக்க.

மொனென்சின் என்றொரு மருந்துப் பொருளும் உண்டு. அது அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்துவது உண்மையே. ஆனால் அளவு சற்று மிகுந்தாலும் ஆட்டுக்கே தீங்காகும். குதிரையோ கழுதையோ சிறிது தின்றாலும் உயிருக்கு ஆபத்து. சுமை சுமக்கும் குதிரைகளும் ஆடுகளும் ஒரே கொட்டிலில் நிற்கும் மலையடிவார ஊர்களில், கால்நடை மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடவே கூடாது என்பது எம் கருத்து.

சோடாவிலும் ஓர் எச்சரிக்கை உளது. தானியமும் தவிடும் மிகுதியாகத் தின்னும் கிடாய்களுக்கு, குறிப்பாகக் காயடித்தவற்றிற்கு, சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பது வழக்கம். சோடா சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டுவதால், மாதக்கணக்கில் கொடுத்தால் இத்தொல்லை வளர இடமுண்டு. ஆகவே தீனி மாற்றும் வாரங்களில் மட்டும் அதனைப் பயன்படுத்துவதும், குடிநீர் எந்நேரமும் கிடைக்கச் செய்வதும் அறிவுடைமை.

சோடா கலந்துவிட்டோம் என்ற துணிவில் தானியத்தை அள்ளிக் கொட்டுவோரையும் காண்கிறோம். சேர்க்கைப் பொருள் ஒரு துணையேயன்றி, பழக்குதலுக்கு ஈடாகாது. தொடக்கத்தில் ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம் அடர்தீவனம் போதும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை 50 கிராம் அளவில் உயர்த்தி, இரண்டு மூன்று வாரத்தில் வேண்டிய அளவை எட்டலாம். அதையும் காலை மாலை எனப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சோளத்தட்டை, கடலைக்கொடி போன்ற உலர்தீவனத்தை முதலில் தின்னவிட்டு, அதன்பின் அடர்தீவனம் வைத்தல் நன்று. மக்காச்சோளத்தை மாவாக அரைப்பது வேண்டாம். மாவு விரைவிற் புளிக்கும். செம்மறியாடு முழுத் தானியத்தையே நன்றாக மெல்ல வல்லது. தொட்டி சிறிதாயின் வலிய கிடாய் தன் பங்கோடு எளியதன் பங்கையும் தின்று நோயுறும். எனவே எல்லா ஆடுகளும் ஒருசேர நின்று தின்ன இடம் அமைக்க.

ஆடு மிகுதியாகத் தின்றதைக் கண்டால் அறிகுறிக்காகக் காத்திராதீர்கள். உடனே தனியே பிரித்து, தானியத்தை விலக்கி, உலர்ந்த தட்டை மட்டும் கொடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் சிறிது சிறிதாகத் தருக. நிற்கும் நிலையிலுள்ள வளர்ந்த ஆட்டிற்குச் சுமார் 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கடைவாய் வழியாக மெல்லப் புகட்டலாம். தலையை உயரத் தூக்கிப் புகட்டினால் நீர் நுரையீரலுக்குட் சென்றுவிடும். படுத்துவிட்ட ஆட்டிற்கு வாய்வழி எதுவும் கொடாமல் 1962 என்னும் எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைப்பதே முறை.

தானியம் மிகுந்த தீனியால் வரும் மற்றொரு கொடிய நோய் துள்ளுமாரி. அதற்குச் சோடா மருந்தாகாது, தடுப்பூசியே காப்பு. இரு நோய்களையும் குழப்பிக்கொள்ளலாகாது.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்க பணிகளும் உள. அறுவடை நாள்களில் பொதுக்களத்திற்கு முள்வேலியும் காவலும் ஏற்படுத்தலாம். கோயில் விழாவிலும் திருமண மண்டபத்திலும் மீந்த சோற்றை ஆடுமாடு அணுகாதவாறு குழியிலிட்டு மூடச் செய்யலாம். மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிப்பின்றி இருப்பதும் இந்நோய்த் தடுப்பில் ஒரு கூறேயாகும். மேய இடமில்லாத ஆட்டைத்தான் உடையவர் அரிசியும் சோறும் கொடுத்து வளர்க்க நேர்கிறது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஊராட்சி அலுவலகப் பலகையில் இதைப்பற்றி நான்கு வரி எழுதிவைத்து, தண்டோராவும் போட்டுவிடுவது நலம்.