மட்டம் தவறினால்...



சர்வே பிராக்டிகல்ல ரீடிங் டேலி ஆகலைன்னா நாமே ஒரு நம்பர் போட்டுக்குவோம். நானும் செய்தவன்தான். நெதர்லாந்து பற்றிப் படித்த பிறகு மனசு உறுத்துகிறது.

அந்நாட்டில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. காலண்டரில் நாம் ரசிக்கும் காற்றாலைகளில் பல, அன்று ராப்பகலாக நீர் இறைத்தவை. 13-ஆம் நூற்றாண்டிலேயே மக்கள் நீர் வாரியங்கள் அமைத்துக் கரை காத்தார்கள். அவற்றுக்கு இன்றும் தேர்தல் உண்டு, தனி வரியும் உண்டு. உயரங்களை எல்லாம் அளப்பது 'ஆம்ஸ்டர்டாம் மட்டம்' என்ற ஒரே அடிப்படையிலிருந்துதான்.

கரைகளின் உயரம் போதாது என்று பொறியாளர் யோஹான் வான் வேன் முன்பே எச்சரித்தார். வேலை தள்ளிப்போனது. 1953 ஜனவரி 31 இரவு புயலில் கடல் பொங்கியது. அங்கே 1,836 பேர் மாண்டனர். அதன் பிறகே டெல்டா திட்டம் வேகம் பிடித்தது. 1997-இல் ராட்டர்டாம் அருகே திறந்த மேஸ்லண்ட் தடுப்புக்கு இரண்டு கதவுகள். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம்!

நாம் எழுதும் எண்ணை நம்பி நாளை ஒரு ஊரே தூங்கும். ரீடிங் சரியில்லையா? சோம்பல் படாமல் ஸ்டாஃபை மறுபடி நிறுத்துவோம், நண்பர்களே!