ஹவுசிங்குக்குள் அடைபட்ட காற்று

அன்புள்ள செழியனுக்கு,

பூம்பாறையில் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி, வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓடை இருக்கிறதே, டிஃபரன்ஷியல் பிரீதரை மேலே நீட்டலாமா என்று கேட்டிருந்தாய். நீட்டு. ஆனால் ஓடை இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் நீ ஏறி இறங்கும் மலை.

மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோடு பிரிவு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். அடிவாரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேலே போவதற்குள் குறைந்துவிடும். கிரவுனும் பினியனும் சுற்றும் ஹவுசிங்குக்குள் ஆயில் போக மீதி இடமெல்லாம் காற்று. பாரத்தோடு ஏறும்போது 90 நம்பர் ஆயில் சூடேற, உள்ளே காற்று விரியும். வெளியிலோ அழுத்தம் குறைந்துகொண்டே போகும். உள்காற்று வந்துபோகும் வழியான பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் அந்தக் காற்று ஆயில் சீல் வழியாகத்தான் வெளியேறும், ஆயிலையும் கூட்டிக்கொண்டு. பினியன் சீல் கசிந்தால் தரை நனைவதோடு சரி. சக்கரப் பக்கம் கசிந்தால் பிரேக் ஷூ ஊறிவிடும். டம்டம் பாறை வளைவுகளில் இறங்கும்போது அது உனக்குத் தெரிய வரும். சீல் மாற்றி மாற்றியும் கசிவு நிற்காத வண்டிக்கு முதலில் பிரீதரைத்தான் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் நாலாவது சீலைத்தான் வாங்குவார்கள்!

ஓடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஹவுசிங் 80 டிகிரிச் சூட்டில் இருக்கும்போது ஐப்பசி மழைத் தண்ணீரில் இறக்குகிறாய். தண்ணீர் 15 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்று ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். அந்த இடத்தை நிரப்ப எது கிடைக்கிறதோ அதை உறிஞ்சும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் அதன் வழியாகவும், அடைத்திருந்தால் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். பேரிங் துருப்பிடித்துச் சத்தம் வந்த பிறகு கண்டுபிடித்தால் செலவு பெரிது.

வேலை சின்னதுதான். பிரீதரைக் கழற்றுவதற்கு முன் சுற்றிலும் இருக்கும் மண்ணைச் சுத்தமாகத் துடை. அந்த ஓட்டை நேராக ஹவுசிங்குக்குள் போகிறது. ஒருவழி மூடி உள்ள பிரீதரை எடுத்துவிட்டு, அதே மரையுள்ள சாதாரண நிப்பிள் போடு. ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்கு. கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டியூப் மலைக் குளிரில் விறைத்து வெடிக்கும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் நீளத்தை அள. தரையில் நிற்கும்போது அளந்தால் முதல் பெரிய பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். சைலன்சரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் உரசாத வழியாகக் கொண்டுபோ. நடுவில் தொய்வு விடாதே, அங்கே ஆயில் தேங்கி மறுபடியும் அடைப்புதான். பின் ஆக்ஸில் ஹோஸைப் பாடியின் மேல்மூலைக்கும், முன்னதை பானட்டுக்குள் ஃபயர்வாலுக்கும் ஏற்று. நுனியைக் கீழ்நோக்கி வளைத்து பைக் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகினால் தூசி போகாது. கியர்பாக்ஸ் பிரீதரையும் அப்போதே பார்த்துவிடு.

எவ்வளவு உயரம் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. ஏர் கிளீனர் வாய்க்கு மேல் கொண்டுபோய் லாபமில்லை. தண்ணீர் அங்கே வந்தால் எஞ்சினே போய்விடும். 2020-இல் வந்த புது மகிந்திரா தாருக்கே நிறுவனம் சொல்லும் ஆழம் 650 மில்லிமீட்டர்தான். உன் பழைய வண்டியின் சீல்களை நம்பி, ஹோஸ் போட்ட தைரியத்தில் ஆழத்தில் இறங்காதே. இறங்கத்தான் வேண்டும் என்றால் கரையில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறங்கு.

இப்போது ஹவுசிங்குக்குள் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்தி, காலையில் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்து. தண்ணீர் கனமானது, முதலில் அதுதான் சொட்டும். என்ன வந்தது, ஆயில் என்ன நிறம் என்று எழுது. புது ஆயில் வாங்குவதை அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் மாமா