கொம்பைப் பார், காதைப் பார்!

2020-ஆம் ஆண்டு மே மாதம். ராஜஸ்தான் முதலிய வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாக இறங்கிப் பயிர்களைத் தின்றுகொண்டிருந்தன. அம்மாத இறுதியில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்க்கவே, உழவர்கள் கலங்கினர். வேளாண்மைத் துறையினர் வந்து பார்த்து, அவை எருக்கஞ்செடியைத் தின்னும் உள்ளூர் வெட்டுக்கிளிகளே என்று கூறினர். பூச்சியை இன்னதென்று அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது புரிகிறதல்லவா?

வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் பிள்ளைப்பூச்சியும் உறவினர்கள். மூன்றும் 'ஆர்த்தாப்டிரா' என்னும் வரிசையைச் சேர்ந்தவை. 'நேரான சிறகுடையவை' என்பது இப்பெயரின் பொருள். இவ்வரிசையில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். வெட்டுக்கிளிக்கு அது தடித்தது; உடலைவிடக் குட்டையானது. சுவர்க்கோழிக்கோ நூல்போல் மெலிந்து, பெரும்பாலும் உடலைவிட நீண்டிருக்கும். இலைபோன்ற பச்சைச் சிறகுடைய 'கேட்டிடிட்' என்னும் பூச்சியைக் கண்டால் வெட்டுக்கிளி என்றே எண்ணுவோம். அதன் கொம்போ மிக நீளம். ஆகவே அது சுவர்க்கோழிக்கே நெருங்கிய உறவு!

அடுத்தது காது. இவற்றில் எதற்கும் காது தலையில் இல்லை! வெட்டுக்கிளிக்கு வயிற்றின் முதல் கண்டத்தில், பக்கத்திற்கு ஒன்றாகச் செவிப்பறை அமைந்துள்ளது. சுவர்க்கோழிக்கும் கேட்டிடிட்டுக்கும் முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே காது இருக்கிறது.

மூன்றாவது இசை. சீப்பின் பற்களை நகத்தால் வருடுங்கள். 'கிர்' என்று ஒலி எழும். இவையும் அவ்வாறே ஒலி எழுப்புகின்றன. ஆண் சுவர்க்கோழியின் ஒரு முன்சிறகில் பல்வரிசை உண்டு. மற்றச் சிறகின் விளிம்பு அதன்மீது உரசும்போது சிறகின் சவ்வு அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது. வெட்டுக்கிளிகளில் பல இனங்கள் பின்னந்தொடையை முன்சிறகில் உரசி ஒலி எழுப்புகின்றன.

ஓர் அடையாளம் மட்டும் போதுமா? போதாது. மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் நிலத்தைத் தோண்டி வாழும் பிள்ளைப்பூச்சிக்குக் கொம்பு குட்டைதான். ஆனால் காது முன்னங்காலில் இருப்பதால் அது சுவர்க்கோழியின் பிரிவையே சேர்ந்தது.

மரத்தில் பகலெல்லாம் இரையும் சிள்வண்டை இவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். அது தாவரச் சாற்றை உறிஞ்சும் வேறு வரிசைப் பூச்சி. வயிற்றின் இரு பக்கமும் உள்ள சவ்வுகள் உள்ளும் புறமும் வளைவதால் அதன் ஒலி பிறக்கிறது. கும்பிடுபூச்சியை ஒரு காலத்தில் ஆர்த்தாப்டிராவில் வைத்திருந்தனர். இப்போது தனி வரிசையாகப் பிரித்துவிட்டனர்.

மீண்டும் கிருஷ்ணகிரிக்கு வருவோம். பாலைவன வெட்டுக்கிளி, எருக்கு வெட்டுக்கிளி இரண்டுமே குட்டைக் கொம்பின. எனவே இங்கே கொம்பும் காதும் உதவா. உணவையும் நடத்தையையும் பார்க்க வேண்டும். எருக்கு வெட்டுக்கிளி நீலப்பச்சையும் மஞ்சளும் கலந்த அழகிய பூச்சி. எருக்கே அதன் முக்கிய உணவு. பாலைவன வெட்டுக்கிளியோ தனித்திருக்கையில் சாதுவானது. நெருக்கம் மிகுந்தால் நிறமும் குணமும் மாறிப் படையாகத் திரளும். காற்றோடு ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். வெட்டுக்கிளிகளில் இத்தகைய இருநிலை உண்டு என்பதை 1921-இல் போரிஸ் உவரோவ் எடுத்துக்காட்டினார். அதுவரை தனித்த நிலையையும் திரண்ட நிலையையும் வெவ்வேறு இனங்களாகக் கருதியிருந்தனர்!

இன்றிரவு சுவர்க்கோழி கத்தினால் ஒரு கைவிளக்கும் உருப்பெருக்கியும் எடுத்துக்கொண்டு மெல்ல அருகே செல்லுங்கள். அது சட்டென்று பாட்டை நிறுத்திவிடும். உங்கள் காலடியை அது உணர்ந்துவிட்டது! அசையாமல் காத்திருந்தால் மீண்டும் பாடும். அப்போது சிறகைப் பாருங்கள். பிறகு முன்னங்காலில் காதைத் தேடுங்கள்.