முதலில் கொழுந்து மலை, பிறகுதான் காடு

பதுளைப் பக்கம் பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே யாலவுக்கு ஜீப் பேசிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஒஹியவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுகிறார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் கையில் சாதாரண 70-300 லென்ஸும், பழகி வரும் கண்ணும் மட்டும் இருந்தால், முதலில் தேயிலைத் தோட்டத்துக்குப் போங்கள் என்பேன்.

காரணம், பறவையின் பயம். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டளவில் மாட்டுத்தோல் போர்த்திய பொய் எருதுக்குள் ஒளிந்திருந்து படம் எடுத்தார்கள். வயலில் தினமும் பார்க்கிற மாட்டுக்குப் பறவை பறக்காது என்பது அவர்கள் கணக்கு. தோட்டத்தில் அப்படி எதையும் செய்ய வேண்டியதில்லை. நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பார்த்தே வளர்ந்த பறவைகள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு நாலு நிரை பின்னால், அவர்கள் வேகத்திலேயே நடந்தால் போதும். தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வேலை செய்கிறவர்களின் முகத்துக்குக் கேமராவைத் திருப்பாதீர்கள். "அக்கா, காட்டுக்கோழி எந்தப் பக்கம் மேயும்?" என்று கேட்டால், கான் ஓரத்தையும் நேரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

கவ்வாத்து வெட்டிய மலை கண்ணில் பட்டால் விடாதீர்கள். இலை இல்லாத மொட்டைக் குச்சிகளில் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு வந்து உட்காரும். ஆண் கன்னங்கறுப்பு, சிறகில் வெள்ளைப் பட்டை. பெண் மண் நிறம். தரையில் பூச்சியைக் கண்டதும் பொத்தென்று இறங்கி எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். அதனால் பறவையைத் துரத்தாமல் குச்சியில் போகஸ் வைத்துக் காத்திருங்கள். வெயில் ஏறிவிட்டால் கறுப்பு இறகு வெறும் கரித்துண்டாகத் தெரியும், வெள்ளைப் பட்டை வெளிறிப்போகும். காலை எட்டு மணிக்குள் எடுத்தால் இறகின் ஒவ்வொரு வரியும் வரும்.

அடுத்தது தங்கமலை. ஹப்புத்தளையில், 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷாம் பங்களாவை ஒட்டி இதல்கஸ்ஸின்ன பக்கம் நீளும் சரணாலயம். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, மங்கிய நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி ஆகிய மூன்றும் உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்பவை. மூன்றையும் இங்கே தேடலாம். சிக்கல் வெளிச்சம். மரநிழலில் ஐ.எஸ்.ஓ. 3200க்கு ஏற்ற வேண்டிவரும், அப்போதும் மூடுபனி வந்தால் கை நடுங்கிய படமே மிஞ்சும். பல இனங்கள் ஒன்றாகக் கூடி இரைதேடி வரும் காடு இது. நடந்து தேடாமல் ஓரிடத்தில் நின்றால் கூட்டமே உங்களைக் கடந்து போகும்.

நீலச் சீழ்க்கைக்குருவியைத் தேடி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1872இல் அதை விவரித்த ஹோல்ட்ஸ்வொர்த், ஹப்புத்தளைக் கோப்பித் தோட்டக்காரர் சாமுவேல் பிளையின் பெயரை அதன் அறிவியல் பெயரில் வைத்தார். ஹோர்ட்டன் சமவெளியின் இருண்ட ஓடைகளில், விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். அழியும் ஆபத்தில் உள்ள இனம். அதன் குரலைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். இது கூடவே கூடாது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று நம்பி, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது அலைகிறது.

கீழே மொனராகலைப் பக்கம் இறங்கினால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பசறை, லுணுகலை, பிபிலை வழியாகப் போனால் நில்கல. கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிற்கும் புல்வெளிக்காடு. வண்ணக் கௌதாரியின் குரல் காலையில் கேட்கும், ஆனால் பறவை தூரத்தில்தான் இருக்கும். 400 மி.மீ. லென்ஸ் இல்லாமல் போய்ப் பயனில்லை. யானை நடமாட்டம் உண்டு, வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம். ஒரே ஒரு வாடகைக்குத்தான் காசு இருக்கிறது என்றால், யால ஜீப்பைவிட இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரப் படகையே நான் தேர்வேன். ஜீப்பில் பறவையை மேலிருந்து பார்க்கிறோம். படகில் நீர்க்காகத்தின் கண்ணும் நம் கண்ணும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வந்துவிடும். படகு ஆடும், முக்காலி உதவாது; ஷட்டரை 1/1600க்குக் கீழே இறக்காதீர்கள்.

எந்த மாதம்? ஆடி, ஆவணியில் கச்சான் காற்று செடியைச் சும்மா இருக்க விடாது. ஒக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், ஆனால் பதுளை மழையும் அப்போதே தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். பெப்ரவரி, மார்ச்தான் என் தேர்வு. வானம் தெளிந்திருக்கும், இமயமலைப் பக்கம் முட்டையிட்டுக் குளிருக்கு இங்கே வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அப்போது இன்னும் திரும்பியிருக்காது. அது அடர்காட்டைவிடத் தோட்ட ஓரத்திலும் பங்களாத் தோட்டங்களிலும் தென்படுகிற பறவை.

அதே மாதங்களில்தான் கொண்டைக்குருவி கூடு கட்டும், சில நேரம் தேயிலைச் செடிக்குள்ளேயே. வாயில் புழுவோடு ஒன்று உள்ளே போகாமல் கிளைக்குக் கிளை தத்திக்கொண்டிருந்தால், நீங்கள் கூட்டருகே நிற்கிறீர்கள். உடனே வந்த வழியே விலகிவிடுங்கள். எடுத்த படத்தை யாருக்கு அனுப்பினாலும் மலையின் பெயரை எழுத வேண்டாம்.